வானொலிச் செற்றுக்குச் சீரியல் வழியாகக் கட்டளை எழுதும் முறை

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிநிற்கும் பலநாட் கலம் ஒன்றின் வானொலிச் செற்றையோ, உப்புவெளியில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் அமெச்சூர் வானொலி நிலையத்தின் செற்றையோ திருப்பிப் பார்த்தால், அன்ரனாவும் மின்சாரமும் இணையும் இடங்களுக்கு அருகில் இன்னுமொரு துளை இருக்கும். அதுவே சீரியல் துளை: தரவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கடத்தும் இணைப்பு. பெரும்பாலும் அதில் எதுவும் செருகப்பட்டிருக்காது. முன்பக்கக் குமிழைத் திருப்பியும் பொத்தானை அழுத்தியும் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை அந்தத் துளை வழியே கணினியிலிருந்து செய்யலாம்: மீடிறனை மாற்றலாம், பண்பேற்ற வகையை மாற்றலாம், வரும் சைகையின் வலிமையை வாசிக்கலாம், அனுப்புதலைத் தொடங்கி நிறுத்தலாம். அதற்கான கட்டளைகளை எப்படி எழுதுவது, எழுதிய கட்டளையைச் செற் ஏற்றுக்கொண்டதா என்பதை எப்படி உறுதிசெய்வது என்பவற்றையே இங்கே விளக்குகிறேன். ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை நிறுவிவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது ஓடும்வரை போதும். ஓடாத நாளில், கம்பியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று வாசிக்கத் தெரிந்தவரால் மட்டுமே பிழை எங்கே என்று சொல்ல முடியும்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளில் வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றுக்குரிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளையே தட்ட வேண்டும். "டி" என்பது "ஐடி;" கட்டளையிலும் எஃப்டி என்ற பைற்றிலும் D, "டிஎக்ஸ்;" கட்டளையிலும் டிஎஸ், எஃப்டி எனத் தொடங்கும் செற்றுப் பெயர்களிலும் T. இலக்கங்களும் அரைப்புள்ளி, காற்புள்ளி போன்ற குறிகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கம்பி சரியாக இருக்கிறதா

கட்டளையின் இலக்கணத்துக்குப் போகுமுன் கம்பியைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் "செற் பதில் சொல்லவில்லை" என்று என்னிடம் கொண்டுவரப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை கட்டளையில் அல்ல, கம்பியிலேயே முடிகின்றன. ஆர்எஸ்-232 என்பது சீரியல் இணைப்புக்கென 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நியமம். தரவின் மிகச்சிறிய கூறான, 0 அல்லது 1 ஆக இருக்கும் இலக்கமே பிற்று; 8 பிற்றுகள் ஒரு பைற்று. அதில் 1 என்ற பிற்று −3 முதல் −15 வோல்ற்று வரையான அழுத்தமாகவும், 0 என்ற பிற்று +3 முதல் +15 வோல்ற்று வரையான அழுத்தமாகவும் கம்பியில் செல்கிறது. ஆனால் வானொலிச் செற் தயாரிக்கும் நிறுவனங்களான ஐகொம், யாஎசு, கென்வூட் ஆகியவற்றில், ஐகொம் செற்றுகளின் பின்பக்கத்திலுள்ள 3.5 மில்லிமீற்றர் துளையும், யாஎசு எஃப்டி-857 போன்றவற்றிலுள்ள வட்டத் துளையும் 0 முதல் 5 வோல்ற்று அளவில் இயங்குபவை. துளை பொருந்துகிறது என்பதற்காக ஆர்எஸ்-232 கம்பியை இவற்றில் நேரடியாக இணைத்தால் செற்றின் உள்ளேயுள்ள சில்லு எரிந்துவிடலாம். இடையில் அழுத்தத்தை மாற்றும் சிறு சுற்று அவசியம். யூஎஸ்பி கேபிள் வாங்கும்போதும் அது எந்த அழுத்தத்துக்கானது என்று கேட்டே வாங்குங்கள்.

9 முனை இணைப்பியில், கணினியின் பக்கத்தில், 2ஆம் முனை பெறுவது, 3ஆம் முனை அனுப்புவது, 5ஆம் முனை பூமி. செற்றுக்குப் போகும் கேபிள் 2ஐ 2க்கும் 3ஐ 3க்கும் நேராகக் கொண்டுசெல்ல வேண்டுமா, அல்லது இரண்டையும் குறுக்காக மாற்ற வேண்டுமா என்பது செற்றுக்குச் செற் வேறுபடும். கைநூலில் ஒரு படம் நிச்சயம் இருக்கும். அதைப் பார்க்காமல் கேபிள் செய்யாதீர்கள்.

செற்றை இணைப்பதற்கு முன்னரே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கேபிளின் மறுமுனையில் 2ஆம் 3ஆம் முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டு, புட்டி, டெரா டெர்ம் போன்ற ஒரு முனைய மென்பொருளைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். நீங்கள் தட்டியது திரையில் திரும்பி வந்தால் கணினி, யூஎஸ்பி மாற்றி, அதன் இயக்கி மென்பொருள், கேபிள் ஆகிய நான்கும் நன்றாக இருக்கின்றன. வயரை எடுத்தவுடன் எழுத்துகள் வருவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மென்பொருளே தன் எழுத்தைத் தானே காட்டிக்கொண்டிருக்கிறது என்பது பொருள், அந்த வசதியை அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். லினக்ஸ் பாவிப்பவர்களுக்குப் போர்ட் திறக்கவே மறுத்தால், உங்கள் பயனர் பெயரை "டயல்அவுட்" என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

அடுத்தது வேகம். இரு பக்கமும் ஒரே வேகத்திலும் ஒரே பிற்று அமைப்பிலும் பேச வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒரு தொடக்கப் பிற்று, 8 தரவுப் பிற்றுகள், ஒரு நிறுத்தப் பிற்று என ஒரு எழுத்துக்கு 10 பிற்றுகள் செலவாகின்றன; ஆகவே செக்கனுக்கு 9600 பிற்று வேகத்தில் செக்கனுக்கு 960 எழுத்துகள் போகும். கவனிக்க வேண்டிய இடம் நிறுத்தப் பிற்று. கென்வூட் டிஎஸ்-480 செற்றில் 4800 வேகத்துக்கு மட்டும் இரண்டு நிறுத்தப் பிற்றுகள், மற்ற வேகங்களுக்கு ஒன்று. யாஎசு எஃப்டி-817, எஃப்டி-857 ஆகியவற்றில் எல்லா வேகங்களுக்கும் இரண்டு. வேகம் தவறினால் திரையில் குப்பை எழுத்துகள் வரும். நிறுத்தப் பிற்று தவறினால் சில கட்டளைகள் வேலைசெய்து சில வேலைசெய்யாமல் போகும், அதனாலேயே இரண்டாவது பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். சில கென்வூட் செற்றுகள் 7ஆம் முனையில் கணினி தயாராக இருப்பதாகச் சைகை கொடுக்கும்வரை பதிலே அனுப்பமாட்டா. அவற்றுக்கு மென்பொருளில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை இயக்கிவைக்க வேண்டும்.

எழுத்தால் பேசும் செற்றுகள்

கற்கத் தொடங்குவதற்கு ஏற்றவை கென்வூட் செற்றுகள். அவற்றின் கட்டளை மூன்று உறுப்புகள் கொண்டது: செய்ய வேண்டியதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், அதற்கான மதிப்பு, இறுதியில் அரைப்புள்ளி. முதலில் செற் யார் என்று கேளுங்கள்:

ஐடி;

டிஎஸ்-2000 என்றால் "ஐடி019;" என்றும், டிஎஸ்-480 என்றால் "ஐடி020;" என்றும் பதில் வரும். இந்தக் கேள்வி எதையும் மாற்றாது, அனுப்புதலைத் தொடங்காது. ஆகவே புதிய செற் ஒன்றுடன் முதன்முதலில் பேசும்போது இதைவிட ஆபத்தற்ற சொல் இல்லை. அதன் பின்:

எஃப்ஏ;

இது முதலாவது மீடிறன் என்ன என்று கேட்கிறது. செற் 7.12345 மெகாஹேர்ட்ஸில் இருந்தால் பின்வரும் பதில் வரும்:

எஃப்ஏ00007123450;

இரண்டு எழுத்துகளுக்குப் பின் சரியாக 11 இலக்கங்கள், அலகு ஹேர்ட்ஸ், முன்னால் வெறுமையான இடங்களில் பூச்சியங்கள். இதே வரியை நீங்கள் செற்றுக்கு அனுப்பினால் அது கேள்வியாக இல்லாமல் கட்டளையாகிவிடும்: செற் அந்த மீடிறனுக்குப் போகும். மதிப்பு இல்லையென்றால் கேள்வி, மதிப்பு இருந்தால் கட்டளை என்ற இந்த எளிய விதி கென்வூட் முறையின் பெரும்பகுதிக்குப் பொருந்துகிறது. இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் கட்டளை செல்லாது. எலெக்ராஃப்ட் கே3 இதே 11 இலக்க முறையைப் பின்பற்றுகிறது. யாஎசுவின் பிற்காலச் செற்றுகளும் எஃப்ஏ என்ற சொல்லையும் அரைப்புள்ளியையும் எடுத்துக்கொண்டன, ஆனால் எஃப்டி-950இல் 8 இலக்கங்கள், எஃப்டி-991இல் 9 இலக்கங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் ஒரு செற்றுக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோகிறவர்கள் இந்த இடத்தில்தான் அகப்படுகிறார்கள்.

கட்டளை வெற்றி பெற்றால் கென்வூட் செற் எதுவும் சொல்லாது. இந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் கேபிள் கழன்றிருந்தாலும் இதே மௌனம்தான். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் அதே விடயத்தைக் கேள்வியாகக் கேட்டு, திரும்பிவரும் மதிப்பை நீங்கள் அனுப்பிய மதிப்புடன் ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தும் அனுப்பலாம்:

எஃப்ஏ00007123450;எஃப்ஏ;

தவறு நேர்ந்தால் மூன்று வகைப் பதில்கள் உண்டு. "?;" என்பது கட்டளை வடிவம் பிழை, அல்லது வடிவம் சரியாக இருந்தும் செற்றின் தற்போதைய நிலையில் அதைச் செய்ய முடியாது என்று பொருள்படும். "ஈ;" என்பது கம்பியில் நேர்ந்த கோளாறு; வேகமும் நிறுத்தப் பிற்றும் சரியா என்று பார்க்கச் சொல்கிறது. "ஓ;" என்பது தரவு வந்துசேர்ந்தும் அதற்கான வேலை முடிவடையவில்லை என்பதாகும். இவற்றில் "?;" என்பதைப் பெற்றவுடன் இலக்கங்களை எண்ணத் தொடங்குவது சரியே, ஆனால் எண்ணி முடித்தும் பிழை தெரியவில்லையென்றால் செற்றின் முகப்பைப் பாருங்கள்: பட்டியல் ஒன்று திறந்திருக்கலாம், குமிழ் பூட்டப்பட்டிருக்கலாம்.

பைற்றால் பேசும் செற்றுகள்

ஐகொம்மின் சிஐ-வி முறை வேறு அடிப்படையில் அமைந்தது. ஒரே கம்பியில் பல செற்றுகளும் கணினியும் தொங்குகின்றன. ஆகவே யாருக்கு, யாரிடமிருந்து என்று ஒவ்வொரு செய்தியிலும் முகவரி எழுத வேண்டும். இங்கே எழுத்துகள் இல்லை, பதினறும எண்களாக (0 முதல் 9 வரையும், பின் ஏ முதல் எஃப் வரையும் உள்ள 16 இலக்கங்களால்) எழுதப்படும் பைற்றுகளே உண்டு. ஆகவே ரியல்டெர்ம் போல, பதினறும எண்ணை உள்ளபடி அனுப்பவும் காட்டவும் வல்ல மென்பொருள் தேவை. ஐசி-7300 செற்றிடம் மீடிறனைக் கேட்கும் செய்தி:

எஃப்ஈ எஃப்ஈ 94 ஈ0 03 எஃப்டி

இரண்டு எஃப்ஈ பைற்றுகள் "கேளுங்கள்" என்று அழைக்கின்றன. 94 என்பது ஐசி-7300 தொழிற்சாலையிலிருந்து வரும்போது கொண்டிருக்கும் முகவரி, ஈ0 என்பது கணினியின் முகவரி, 03 என்பது மீடிறனை வாசிக்கும் கட்டளை, எஃப்டி முற்றுப்புள்ளி. பதிலில் இரு முகவரிகளும் இடம் மாறியிருக்கும்:

எஃப்ஈ எஃப்ஈ ஈ0 94 03 50 34 12 07 00 எஃப்டி

இதில் வரும் ஐந்து பைற்றுகளே மீடிறன். 7.12345 மெகாஹேர்ட்ஸை ஹேர்ட்ஸில் பத்து இலக்கமாக எழுதினால் 0007123450. இரண்டிரண்டாகப் பிரித்தால் 00 07 12 34 50. அதைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் 50 34 12 07 00. சோடிகள்தான் தலைகீழாகின்றன, சோடிக்குள்ளே இலக்கங்கள் மாறுவதில்லை. 50 என்பதை 05 என்று திருப்பிவிட்டு ஏன் மீடிறன் 45 ஹேர்ட்ஸ் தள்ளிப்போகிறது என்று தேடியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு அரைப் பைற்றிலும் ஒரு தசம இலக்கம் மட்டுமே இருப்பதால், மீடிறனுக்குள்ளே எஃப்டி என்ற பைற்று ஒருபோதும் தோன்ற முடியாது. முற்றுப்புள்ளியை வேறெதனுடனும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லாதபடி சிந்தித்து அமைத்திருக்கிறார்கள். எழுதும்போது கட்டளை எண் 05, அதன் பின் அதே ஐந்து பைற்றுகள். கென்வூட் போலன்றி ஐகொம் செற் ஒப்புதலை வாய்திறந்து சொல்கிறது: எஃப்பி என்ற ஒற்றைப் பைற்று வந்தால் ஏற்றுக்கொண்டது, எஃப்ஏ வந்தால் மறுத்துவிட்டது.

இந்த எஃப்ஏயும் கென்வூட்டின் எஃப்ஏயும் ஒன்றல்ல என்பதை ஒரு கணம் நின்று விளங்கிக்கொள்ளுங்கள். கென்வூட்டில் அது எஃப், ஏ என்ற இரண்டு எழுத்துகள். கம்பியில் 70, 65 என்ற பெறுமானமுள்ள இரண்டு பைற்றுகளாகச் செல்கிறது. ஐகொம்மில் அது 250 என்ற பெறுமானமுள்ள ஒரே பைற்று. ஐகொம் செற்றின் செய்தியைச் சாதாரண முனைய மென்பொருளில் எழுத்தாகத் தட்டினால் செற்றுக்கு ஒன்றுமே விளங்காது.

சிஐ-வி ஒற்றைக் கம்பி என்பதால் கணினி அனுப்பியது கணினிக்கே திரும்பி வரும். மூதூரிலிருந்து ஒரு தம்பி, பாவித்த ஐசி-718 செற் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணா, நான் சொல்லுறதையே செற் திருப்பிச் சொல்லுது, வேற ஒண்டும் சொல்லுதில்லை" என்றார். அவர் கண்டது செற்றின் பதில் அல்ல, தன்னுடைய செய்தியின் எதிரொலி. எதிரொலி வந்ததால் கம்பி நன்று. பதில் வராததால் முகவரி பிழையாக இருக்க வேண்டும். ஐசி-718இன் வழமையான முகவரி 5ஈ; முன்னர் வைத்திருந்தவர் அதை மாற்றிவிட்டிருந்தார். எந்த முகவரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செற்றில் மாற்றங்களைத் தானாக அறிவிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், குமிழைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் செற் "எல்லோருக்கும்" என்று பொருள்படும் 00 முகவரிக்குத் தன் புதிய மீடிறனை அறிவிக்கும். நாங்கள் குமிழைச் சற்றுத் திருப்பினோம், திரையில் எஃப்ஈ எஃப்ஈ 00 என்பதை அடுத்து 58 என்ற நான்காவது பைற்று வந்தது. அதுவே செற் தனக்கு வைத்திருந்த முகவரி. அந்த முகவரியைப் போட்டவுடன் செற் பேசியது. நிரல் எழுதுபவர்கள் தாங்கள் அனுப்பிய 6 பைற்று எதிரொலியை முதலில் வாசித்து ஒதுக்கிவிட்டு, அதன் பின் வரும் 11 பைற்றையே பதிலாகக் கொள்ள வேண்டும். யூஎஸ்பி துளையுள்ள புதிய செற்றுகளில் எதிரொலியை அணைக்கவும் இயக்கவும் பட்டியலில் இடமுண்டு. ஆகவே எதிரொலி நிச்சயம் வரும் என்றும் நிச்சயம் வராது என்றும் எண்ணாமல், முகவரியைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

யாஎசு எஃப்டி-817, எஃப்டி-857, எஃப்டி-897 ஆகியவை மூன்றாவது வழியைப் பின்பற்றுகின்றன. அவற்றின் ஒவ்வொரு கட்டளையும் மிகச்சரியாக ஐந்து பைற்றுகள்: முதலில் மதிப்புக்கான நான்கு, கடைசியில் வினையைக் குறிக்கும் ஒன்று. வினை கடைசியில் வருவது தமிழருக்கு இயல்பாகவே பழகிய ஒழுங்கு. 7.12345 மெகாஹேர்ட்ஸுக்குப் போகச் சொல்லும் கட்டளை:

00 71 23 45 01

இங்கே அலகு 10 ஹேர்ட்ஸ், சோடிகள் நேராகவே வருகின்றன. வாசிக்க 00 00 00 00 03 என்று அனுப்பினால், மீடிறனுக்கு நான்கு, பண்பேற்ற வகைக்கு ஒன்று என ஐந்து பைற்றுகள் பதிலாக வரும். இந்த முறையில் முகவரி இல்லை, அழைப்பு இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. ஐந்து என்ற எண்ணிக்கையே எல்லை. ஆகவே வழியில் ஒரு பைற்று தொலைந்தால் அடுத்த கட்டளையின் முதற் பைற்று முந்தைய கட்டளையின் வினையாக வாசிக்கப்படும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஓரிடம் நகர்ந்துபோகும். இது வெறும் தொந்தரவு மட்டுமல்ல. இந்தச் செற்றுகளில் 08 என்ற வினை அனுப்புதலைத் தொடங்குவது, 88 அதை நிறுத்துவது. மீடிறனின் ஓர் இலக்கச் சோடி 08 ஆக இருந்து, அது நகர்ந்து ஐந்தாவது இடத்தில் விழுந்தால், நீங்கள் கேட்காமலே செற் அனுப்பத் தொடங்கிவிடும். எனவே பதில் குறைவாக வந்தால் உடனே அடுத்த கட்டளையைத் திணிக்காதீர்கள். சற்று ஓய்ந்து, கணினியின் பக்கம் தேங்கியிருப்பவற்றை வெறுமையாக்கி, வாசிக்கும் கட்டளையில் மறுபடி தொடங்கி, சரியாக ஐந்து பைற்றுகள் வருகின்றன என்று கண்ட பின்னரே எதையும் மாற்றுங்கள்.

பண்பேற்ற வகைக்கான எண்கள் மூன்று நிறுவனங்களிலும் வெவ்வேறானவை. மேற்பக்கப்பட்டை என்ற பண்பேற்ற வகை கென்வூட்டில் 2, ஐகொம்மில் 01, எஃப்டி-817இல் 01. 5 என்ற எண் கென்வூட்டில் ஏஎம், ஐகொம்மில் எஃப்எம். எஃப்டி-817இல் ஏஎம் 04, எஃப்எம் 08. இவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு செற்றுக்கும் உரிய அட்டவணையை நிரலின் ஆரம்பத்தில் பெயரிட்டு எழுதிவைத்து, உள்ளே எங்கும் வெற்றெண்ணாகப் பாவிக்காமல் இருந்தால் போதும்.

கடற்செற்றுகளின் வாக்கியம்

படகுகளில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் என்எம்இஏ 0183 என்ற நியமத்தில் பேசுகின்றன. வழக்கமான வேகம் 4800. டொலர் குறியில் தொடங்கி, உறுப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து, உடுக்குறியும் இரண்டு பதினறும இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் இட்டு, 13, 10 ஆகிய இரண்டு பைற்றுகளால் வரியை முடிக்க வேண்டும். ஒரு வாக்கியம் 82 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. டொலர் குறியை அடுத்து பி என்ற எழுத்து வந்தால், அது ஒரு நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட வாக்கியம். ஐகொம்மின் கடற்செற்றுகள் சிலவற்றைத் தொலைவிலிருந்து இயக்கும் முதல் வாக்கியம் இப்படி இருக்கும்:

$பிஐசிஓஏ,90,01,ரிமோட்,ஓன்*59

90 கட்டுப்படுத்தும் கணினியின் எண், 01 செற்றின் எண், அதன் பின் தொலைக்கட்டுப்பாட்டை இயக்கு என்பதற்கான இரு ஆங்கிலச் சொற்கள். சரிபார்ப்பு எண்ணைக் கணிப்பது கடினமல்ல. டொலர் குறிக்கும் உடுக்குறிக்கும் இடையிலுள்ள எழுத்துகளை, காற்புள்ளிகளும் உட்பட, ஒவ்வொன்றாக எடுத்து, ஒத்த பிற்றுகளுக்கு 0, வேறுபடும் பிற்றுகளுக்கு 1 என்ற விதிப்படி முந்தைய விடையுடன் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் பைற்று அது. செற்றின் எண்ணை 01இலிருந்து 00 ஆக மாற்றினால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கச் சரிபார்ப்பு எண் 59இலிருந்து 58 ஆகும். உங்கள் நிரலைச் சோதிக்க இந்த இரண்டு விடைகளையும் பாவித்துக்கொள்ளலாம். வேறு செற் ஒன்றின் கைநூலிலிருந்து வாக்கியத்தைப் பிரதிசெய்து எண்ணை மட்டும் மாற்றியவர்கள், சரிபார்ப்பு எண்ணை மாற்ற மறந்துவிட்டுச் செற்றைக் குறைசொல்வது வழக்கம்.

பதிலை வாசிக்கும் பொறுமை

கட்டளையை அனுப்பிவிட்டு அரைச் செக்கன் காத்திருந்து, அதுவரை வந்ததையெல்லாம் பதிலாக எடுத்துக்கொள்ளும் நிரல்களை நிறையக் காண்கிறேன். அது சில நாட்கள் வேலைசெய்யும், பின்னர் ஒரு நாள் பதில் இரண்டாகப் பிளந்து வரும்போது விழுந்துவிடும். சரியான முறை, முற்றுப்புள்ளி வரும்வரை ஒவ்வொரு பைற்றாகச் சேர்த்துக்கொண்டே போவதும், குறித்த நேரத்துக்குள் முற்றுப்புள்ளி வராவிட்டால் சேர்த்ததைக் கைவிட்டுப் பிழை என்று அறிவிப்பதுமாகும். கென்வூட்டுக்கு முற்றுப்புள்ளி அரைப்புள்ளி, ஐகொம்முக்கு எஃப்டி, என்எம்இஏக்கு 10, பழைய யாஎசுவுக்கு ஐந்து என்ற எண்ணிக்கை. அத்துடன், செற் தானாக அறிவிக்கும் செய்திகள் உங்கள் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் புகுந்து வரலாம். கென்வூட்டில் "ஏஐ0;" என்று அனுப்பி இந்த அறிவிப்பை அணைக்கலாம்; அணைக்காவிட்டால், வந்த வாக்கியம் நீங்கள் கேட்டதற்குத்தான் பதிலா என்று முதல் இரு எழுத்துகளை ஒப்பிட்டு அறிய வேண்டும்.

எவ்வளவு அடிக்கடி கேட்கலாம் என்பதைக் கணக்கிட்டே தீர்மானியுங்கள். கென்வூட்டில் செற்றின் முழு நிலையையும் கேட்கும் "ஐஎஃப்;" மூன்று எழுத்து, அதன் பதில் 38 எழுத்து, ஆக 41. 9600 வேகத்தில் எழுத்துக்கு 10 பிற்று என்றால் கம்பியில் மட்டும் சுமார் 43 மில்லிசெக்கன் ஆகும். 4800 வேகத்தில் இரண்டு நிறுத்தப் பிற்றுகளுடன் எழுத்துக்கு 11 பிற்று, சுமார் 94 மில்லிசெக்கன். செக்கனுக்கு இருபது முறை கேட்கும் நிரல் முதலாவது வேகத்தில் மூச்சுத் திணறியபடி ஓடும். இரண்டாவதில் ஓடவே முடியாது.

இவ்வளவும் விளங்கிய பிறகு ஹாம்லிப் என்ற திறந்த மூலத் தொகுப்பைப் பாவிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் நூற்றுக்கணக்கான செற்றுகளின் இலக்கணத்தை அது ஏற்கெனவே அறிந்துவைத்திருக்கிறது. அதன் நான்காம் பதிப்பில் ஐசி-7300க்கு 3073, டிஎஸ்-480க்கு 2028, எஃப்டி-857க்கு 1022 என்று ஒவ்வொரு செற்றுக்கும் எண் உண்டு. அதன் சேவை நிரலை இயக்கினால், வலையமைப்பில் 4532ஆம் போர்ட்டின் ஊடாகப் பல மென்பொருள்கள் ஒரே செற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஏதாவது சரிவராதபோது, அதிலிருந்தே உள்ளபடியான கட்டளையைச் செற்றுக்கு அனுப்பிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. மேலே கற்றது அப்போது கைகொடுக்கும்.

அனுப்புதலைத் தொடும் முன்

வாசிக்கும் கட்டளையில் தவறினால் நேரம்தான் வீணாகும். அனுப்பும் கட்டளையில் தவறினால் செற்றின் இறுதிப் பெருக்கி எரியலாம், அல்லது இன்னொருவரின் அபாயக் குரல் மூடிப்போகலாம். ஆகவே அன்ரனாவைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் போலிச் சுமையை (அலையை வெளியே விடாமல் வலுவை உறிஞ்சிக்கொள்ளும் தடையை) இணைத்து, வலுவை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, செற்றின் பட்டியலில் உள்ள அனுப்பு நேர எல்லையை இயக்கிய பின்னரே கென்வூட்டின் "டிஎக்ஸ்;" அல்லது ஐகொம்மின் 1சி 00 01 கட்டளையைச் சோதியுங்கள். அனுப்பத் தொடங்கும் ஒவ்வொரு நிரலிலும், எந்தப் பிழை நேர்ந்தாலும் நிரல் முடியும் முன் "ஆர்எக்ஸ்;" போன்ற நிறுத்தும் கட்டளை கட்டாயம் அனுப்பப்படும்படி எழுதுங்கள். இன்னுமொரு பொறி உண்டு: கணினி ஒரு சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது 4ஆம் 7ஆம் முனைகளைத் தானாகவே உயர்த்திவிடுவது வழக்கம், சில இணைப்புப் பெட்டிகளோ 7ஆம் முனையையே அனுப்பும் பொத்தானாகப் பாவிக்கின்றன. அத்தகைய பெட்டியில் மென்பொருளைத் திறந்த கணத்திலேயே செற் அனுப்பத் தொடங்கிவிடும். எனவே முதன்முறை திறக்கும்போது கண் செற்றின் சிவப்பு விளக்கில் இருக்கட்டும், கை மின்சார ஆளியில் இருக்கட்டும்.

திருகோணமலை துறைமுக நகரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: 156.8 மெகாஹேர்ட்ஸ் என்ற 16ஆம் அலைவரிசையிலும், 2182, 4125, 8291 கிலோஹேர்ட்ஸிலும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டளைச் சோதனை செய்யாதீர்கள். கொட்டியாரக்குடாவுக்கு வெளியே ஒரு கலம் அந்த நேரத்தில் உதவி கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அனுப்பும் கருவியை இயக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். கணினி வழியாக இயக்கினாலும் பொறுப்பு உரிமம் பெற்றவருடையதே.

அனுப்பும்போது மட்டும் பதில் குப்பையாக வருகிறது என்றால், வானொலி அலை கேபிளுக்குள் புகுகிறது. கேபிளைச் சுருக்கி, இரு முனைகளிலும் ஃபெரைட் வளையம் இட்டு, செற்றையும் கணினியையும் ஒரே பூமிக்கு இணைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் இணைப்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பது இங்கே சர்வசாதாரணம்; வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு முறை கழற்றித் துடைத்துவிடுவது நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்கும்போது அன்ரனாவைக் கழற்றுகிறவர்கள் இந்தச் சிறு கேபிளை மறந்துவிடுகிறார்கள். செற்றுக்கும் கணினிக்கும் இடையே அது ஒரு செப்புப் பாதை; அதையும் கழற்றுங்கள்.

எல்லாம் இயங்கத் தொடங்கிய அன்றே, ஒரு சிறு தாளில் செற்றின் மாதிரி, முகவரி, வேகம், நிறுத்தப் பிற்றுகள், கேபிள் நேரானதா குறுக்கானதா, எதிரொலி உண்டா இல்லையா என்பவற்றை எழுதி, ஈரம் படாதபடி ஒட்டுநாடாவால் மூடி, செற்றின் மேற்புறத்தில் ஒட்டிவிடுங்கள். கடலில் இரண்டாவது வாரத்தில் கணினியை மாற்ற வேண்டி வரும்போது, அதை வாசிக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.